அது அபராதம் அல்ல, விலை

தோழர்களே,

குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டாம் முறை பிடிபட்டால் என்ன தண்டனை? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 சொல்கிறது: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த 'அல்லது'வில்தான் வசதி படைத்தவர்கள் தப்பிக்கிறார்கள்.

2019 திருத்தத்துக்கு முன் இது 3,000 ரூபாய். ஐந்து மடங்கு ஏற்றிவிட்டோம் என்கிறார்கள். யாருக்கு ஏறியது? தமிழ்நாட்டில் 2025-26இல் நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் 15,000 என்பது 45 நாள் உழைப்பு. கூலிக்காரர் வீட்டில் தோடு அடகுக்குப் போகும். கார் வைத்திருப்பவர் கட்டிவிட்டு அதே சாவியோடு கிளம்புவார். அவருக்கு அது அபராதம் அல்ல, விலை.

சாவது யார்? 2006இல் மும்பையில் குடிபோதையில் ஓட்டிய கார் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் மீது ஏறியது. ஏழு பேர் செத்தார்கள். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். மூன்று ஆண்டாக உயர்ந்து, 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழு உயிருக்கு மூன்று ஆண்டு!

நம் மாவட்டத்துக்கு வாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்று ரோட்டில் இறங்கிய புதுக்கோட்டை இது. இன்றும் விடிகாலையில் சித்தாள் வேலைக்கு நடப்பதும், சைக்கிளில் பள்ளிக்குப் போவதும் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான்.

"தண்டனையைக் கடுமையாக்கினால் நம் பையன்கள்தானே முதலில் மாட்டுவார்கள்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். காலனி முக்கில் நின்று டிவிஎஸ் 50ஐ மறிக்கும் போலீஸ், கிளப் வாசலில் காரை மறிப்பதில்லை. ஆனால் அதற்கு விடை தளர்ந்த சட்டம் அல்ல, எல்லோர் மீதும் ஒன்றுபோல் பாயும் சட்டம். பணத்தை வைத்துத் தப்பலாம். உரிமம் பறிபோனால் பணக்காரரும் ஏழையும் ஒன்றுதான்.

ஆகவே இரண்டாம் முறை என்றால் உரிமம் கட்டாயம் ரத்தாக வேண்டும். மூன்றாம் முறைக்கு அபராதம் என்ற வழியே கூடாது. பழகிப்போன குடிகாரரின் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் பிரிவு 19இல் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கச் சொல்கிறோம்.

அரசும் தப்ப முடியாது. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, தமிழ்நாட்டு வழக்கில்தான். அடுத்த ஆண்டே சிற்றூர்களுக்கு அது 220 மீட்டரானது. நகராட்சி எல்லைகளுக்கு விலக்கும் வந்தது. ஒரு கையில் பாட்டில், மறு கையில் ஊதச் சொல்லும் கருவி.

மாணவத் தோழர்களே, பத்து ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். நம் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளில் இரண்டாம் முறை பிடிபட்டவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்குச் சிறை, எத்தனை உரிமம் ரத்து, அதில் கார் எத்தனை, பைக் எத்தனை? பதில் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்குவோம்.

ஜெய்பீம்.