வல்லவனும் புல்லும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் முன்னோர் மொழி. இதனை நாம் அடிக்கடி எடுத்தாளுகின்றோம். ஆனால் எடுத்தாளும்பொழுது புல்லின் பெருமையையே பேசிவிட்டு, வல்லவனை மறந்துபோகின்றோம்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதும், எரிபொருளுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதும், கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். அவ்வேளையில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் பலர் இளையோரைப் பார்த்து, "இதென்ன பஞ்சம்? நாங்கள் ஐஞ்சாறு வருஷம் கறண்ட் இல்லாமல் இருந்தனாங்கள். அந்தப் பஞ்சந்தான் எங்களுக்கு மூளையைத் தந்தது" என்று கூறக் கேட்டோம். இன்றும் அப்பேச்சு ஓய்ந்தபாடில்லை. மாணவர்களும் அதனை உண்மையென்றே நம்புகின்றனர். பஞ்சம் ஒரு பள்ளிக்கூடம் என்று கட்டுரை எழுதுகின்றனர். அக்கட்டுரைகளுக்குப் புள்ளியும் பெறுகின்றனர். இக்கூற்றில் உண்மை பாதியே உண்டு. மற்றப் பாதியைச் சொல்வதற்கு நாம் சிறுவராயிருந்தபோது செய்த ஒரு கருவியின் கதை உதவும்.

குடாநாட்டில் 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் அற்றுப்போயிற்று. அதனைத் தொடர்ந்து பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம், பற்றரி முதலியன தடைப் பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் துளித்துளியாய் அளந்து செலவிட வேண்டிய பொருளாயிற்று. வீட்டுக்கு வீடு ஜாம் போத்தலே விளக்காய் அமைந்தது. போத்தலின் அடியிற் சிறிது எண்ணெயும் மெல்லிய திரியும் இருக்க, போத்தலே சிமினியாக நின்று காற்றைத் தடுக்கும். அவ்வொளியிலே படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றனர். பெற்றோலில் ஓடவேண்டிய மோட்டார் சைக்கிள்களோ மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே முதலிற் சில துளி பெற்றோலை ஊட்டி, இயந்திரம் சூடேறிய பின்னரே எண்ணெயை மாற்றிவிடுவர். புகையும் நாற்றமும் ஒழுங்கையெங்கும் நிறையும்.

விளக்குக்கும் வண்டிக்கும் இவ்வாறு வழி பிறந்துவிட்டது. செய்திக்கு என் செய்வது? இரவு 9.15 மணிக்கு இலண்டனிலிருந்து வரும் பி. பி. சி. தமிழோசையே அந்நாளில் ஊரின் கண்ணும் காதுமாயிருந்தது. (அவ்வொலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் நம் நாட்டவராகிய சோ. சிவபாதசுந்தரம் அவர்கள் என்பதை இளைய நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துடன் அந்த வானொலிச் சேவை நின்றுவிட்டது.) பற்றரியின்றி அதனைக் கேட்பதெங்ஙனம்? தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலிற் காய வைத்தார்கள். எட்டையும் பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்துப் பார்த்தார்கள். சில நிமிடம் பேசிவிட்டு, முக்கியமான இடத்திலே வானொலி மௌனமாகிவிடும்.

அப்பொழுது துவிச்சக்கரவண்டியின் டைனமோவை நினைத்தவர் யாரென்று கூற இயலாது. ஊருக்கு ஊர் பலர் நினைத்தனர். நீர்வேலியில், 1993ஆம் ஆண்டிலே, எமக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, நாம் மூன்று தோழர் கூடி அதனைச் செய்தோம். மூவருள் ஒருவன் துவிச்சக்கரவண்டி திருத்துபவரின் மகன். வண்டியும் டைனமோவும் அவனுடையவை, கைவேலையும் அவனுடையதே. இன்னொருவனுடைய வீட்டில், மின்சாரம் நின்றபின் எதற்கும் உதவாமற் சீலை போர்த்துக் கிடந்த பெரிய மின்வானொலி ஒன்று இருந்தது. எம்மிடம் இருந்தது விஞ்ஞானப் புத்தகம் ஒன்று மட்டுமே.

டைனமோவை வானொலியோடு நேரே இணைத்தாற் பயனில்லை. டைனமோவினுள்ளே ஒரு காந்தம் சுழல்கின்றது. அதனைச் சூழ்ந்த கம்பிச்சுருளில் மின் பிறக்கின்றது. மைக்கேல் பரடே 1831இற் கண்ட தத்துவம் இதுவே. ஆயின் பிறக்கும் மின் முன்னும் பின்னுமாய் ஓடும் ஆடலோட்டம். வானொலி கேட்பதோ ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். ஆகவே இருவாயிகள் நான்கும் ஒரு பெரிய கொள்ளளவியும் வேண்டும். அவை கடையில் இல்லை. எனினும் சீலை போர்த்துக் கிடந்த அந்த மின்வானொலியின் வயிற்றுக்குள் அவை இருந்தன! வீட்டு மின்சாரத்தை நேரோட்டமாக்குவதற்காக, செய்தவர்கள் அவற்றை முன்னரே வைத்திருந்தார்கள். சந்தியிலிருந்த வானொலி திருத்துநர் ஒருவர் பெட்டியைத் திறந்து, எது இருவாயி, எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் மறை என்று காட்டித் தந்தார். கூலி கேட்கவில்லை, செய்தி கேட்கத் தமக்கும் ஓரிடம் வேண்டுமென்று மட்டும் சொன்னார்.

பற்றாசு வைப்பதற்கு மின்சூட்டுக்கோல் ஏது? தோழன் ஒரு தடித்த செப்புக் கம்பியின் நுனியை அராவி, சிரட்டைக் கரியிலே பழுக்கக் காய்ச்சி எடுத்தான். ஈயமும் அந்தப் பழைய பெட்டியிலிருந்தே உருக்கி எடுக்கப்பட்டது. கம்பி ஆறுமுன் தொட்டுவிட வேண்டும். பிந்தினால் ஈயம் ஒட்டாது, முந்தினால் இருவாயி வெந்துவிடும். பன்னிரண்டு வயதுப் பையனின் கை எங்ஙனம் அந்தக் கணத்தை அறிந்ததோ! எமது கைக்கு அது இன்றளவும் வந்ததில்லை.

இனி ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். இக்கருவியை வீட்டிற் செய்து பார்க்க விரும்பும் மாணவர் இதனைக் கவனிப்பாராக. துவிச்சக்கரவண்டி டைனமோ 6 வோல்ற்று, 3 உவாற்று விளக்குக்கென்றே செய்யப்பட்டது. அதாவது அரை அம்பியர் ஓட்டத்துக்கு. சிறிய வானொலி ஒன்று மெல்லப் பேசும்போது அதிற் சிறு பங்கையே உண்ணும். சுமை குறைந்தாற் டைனமோவின் வோல்ற்றளவு ஆறில் நில்லாது. வேகத்தோடு எங்கோ ஏறிவிடும். அவ்வாறு ஏறி வெந்துபோன வானொலிகள் அக்காலத்திற் பல. எமது பாடசாலையின் பௌதிக ஆசிரியர், பாதி எழுதிய கடதாசியின் பின்புறத்தில் ஒரு படம் கீறி, வண்டியின் முன்விளக்கைக் கழற்றாமல் வானொலியோடு கூடவே எரியவிடுமாறு கூறினார். விளக்கு தன் பங்கை உண்ண, வோல்ற்றளவு அடங்கி நிற்கும். நான்கு இருவாயிகளுள் எவ்வேளையும் இரண்டினூடாகவே ஓட்டம் செல்லும். அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 வோல்ற்றை விழுங்கிவிடும். அதுவும் வானொலிக்கு ஒரு காவலே. காசில்லாத காவல் என்று ஆசிரியர் சிரித்தார்.

வண்டியை முற்றத்திலே தலைகீழாய் நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றினோம். முதலில் வண்டின் இரைச்சல் போல் ஒரு முனகல் கேட்டது. அந்த வீட்டிலிருந்தே எடுத்த இன்னொரு கொள்ளளவியைப் பக்கத்திலே சேர்த்தபோது முனகல் தாழ்ந்து, மனிதக் குரல் எழுந்தது. அன்றிரவு எம் மூவர்க்கும் உண்டான உவகையை எழுதப் புகின் இப்பத்தி போதாது.

ஆயின் சுற்றுவோன் கையைத் தளர்த்தினாற் குரலும் தளரும். அரைமணி நேரம் ஒரே கதியிற் சுற்ற வேண்டும். வானொலி திருத்துநர், பக்கத்து வீட்டார், வாசிகசாலையில் வழக்கமாய்க் கூடுவோர் என்று பத்துப் பதினைந்து பேர் முற்றத்திலே குந்தியிருப்பர். அவ்வாண்டிலே குடாநாட்டை விட்டு வெளியேறுவோரும் திரும்புவோரும் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகிலே கடந்தனர். 1993 சனவரியில் அவ்வாறு சென்ற பொதுமக்கள் பலர் நீரிலே கொல்லப்பட்டனர். அவ்வாண்டிற் பின்னரும் அது நிகழ்ந்தது. எமது ஒழுங்கையிலிருந்த ஆச்சி ஒருவரின் மகன் கொழும்பிலிருந்து அவ்வழியே வருவதாயிருந்தது. ஒருநாள் மாலை, கிளாலியில் ஏதோ நடந்துவிட்டதென்று ஊரிலே பேச்செழுந்தது. இரவு ஆச்சி வந்து வண்டியின் பக்கத்திலேயே அமர்ந்துவிட்டார். சுற்றியவன் எம் தோழன். கிளாலி என்ற சொல் வானொலியில் வந்த வேளையில், கை சோர்ந்து குரல் இறங்கிற்று. "மோனை, கை நோகுதோ? இன்னுங் கொஞ்சம் சுத்தடா ராசா" என்றார் ஆச்சி. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினான். செய்தி சொன்னது தொகையை, பெயரைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மகன் வேறொரு படகில் உயிரோடு வந்து சேர்ந்தான். அந்த மூன்று நாளும் ஆச்சி உலை வைக்கவில்லை.

இதனைத்தான் பஞ்சம் தந்த மூளை என்கின்றார்கள். சற்று எண்ணிப் பார்க்க. டைனமோவைப் பஞ்சம் தரவில்லை. அது பஞ்சத்துக்கு முன்னரே வண்டியில் இருந்தது. இருவாயியும் அங்ஙனமே, நல்ல காலத்தில் ஒருவர் உழைத்து வாங்கிய பெட்டிக்குள் இருந்தது. திருத்துநரின் அறிவும் ஆசிரியரின் படமும் பல்லாண்டுக் கல்வியின் பயன். பஞ்சம் தந்ததெல்லாம் தேவை ஒன்றே. இலங்கையில் வானொலி பிறந்த கதையும் இவ்வாறே. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், 1923இல் இசைத்தட்டுப் பாடலை முதன்முதல் வானிலே விட்டபோது, பிடிபட்ட செர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் உறுப்புகளைக் கொண்டே தம் பரப்பியைச் சமைத்தார் என்பர். 1925 டிசம்பர் 16இற் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. அவர் கையிலிருந்தது உடைந்த கப்பலின் துண்டு. தலையிலிருந்தது முழுமையான பொறியியல். அப்பொறியியல் இல்லாதவனுக்கு முழுக்கப்பலைக் கொடுத்தாலும் என்ன செய்வான்?

பஞ்சம் கொடுத்ததைப் பேசுவோர் அது எடுத்ததையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். 1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் ஊரை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். தோழனின் வண்டி, டைனமோ கழற்றப்படாமலே, அரிசிச் சாக்கும் பாயும் சுமந்து சென்றது. வானொலியும் எமது இருவாயிகளும் வீட்டிலே விடுபட்டன. திரும்பி வந்தபோது வீடே இல்லை. தோழனின் தகப்பனார் இடப்பெயர்விலே நோயுற்றுக் காலமானார். மூத்த பிள்ளையாகிய அவன் பாடசாலைக்கு மீண்டும் வரவில்லை. நாமும் மற்றவனும் பல்கலைக்கழகம் சென்றோம். மூவருள் பொறியியலுக்கெனவே பிறந்த கையை உடையவன் செல்லவில்லை.

அவன் இன்று கிளிநொச்சிக்கு அணித்தாகத் துவிச்சக்கரவண்டி திருத்தும் கொட்டில் ஒன்று வைத்திருக்கின்றான். சென்ற ஆண்டு விடுமுறையிற் கண்டோம். 2022இல் பெற்றோல் இல்லாதபோது வேலைக்கு ஓய்வே இருக்கவில்லையென்றும், பழைய வண்டிகளையெல்லாம் கொண்டுவந்து குவித்தார்களென்றும் சொன்னான். டைனமோ கேட்டும் சிலர் வந்தனராம். அவனுடைய மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கின்றாள். ஆடலோட்டம் பற்றிய பாடத்தில் ஓர் ஐயமென்று கொப்பியை எம்மிடம் நீட்டினாள். நாம் வாய்திறக்குமுன், கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, அவனே வந்து படத்தைக் கீறத் தொடங்கினான்.