பழவேற்காட்டில் காக்கா ஆழி

பழவேற்காட்டு ஏரியை அண்டிப் பிழைக்கும் மீனவக் குப்பங்களுக்குச் சில ஆண்டுகளாக ஒரு புதிய சத்துரு தோன்றியிருக்கிறது. வயலில் களை மண்டினால் குடியானவன் பிடுங்கி எறிகிறான். நீருக்கடியில் சேற்றில் மண்டும் களையை மீனவன் எவ்விதம் பிடுங்குவான்?

மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைப் பூர்வீகமாகக் கொண்ட சிறு சிப்பி இது. நமது மீனவர் இதனைக் காக்கா ஆழி என்கின்றனர். நூல் போன்ற நாரினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, அடித்தரையைக் கம்பளம் விரித்தாற்போல் மூடிவிடுகிறது. இறாலோ சேற்றில் புதைந்து வாழும் பிராணி. புதைய இடமில்லாத நீரில் அது தங்குவதில்லை. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்து ஜீவிக்கும் இருளர் முதலிய ஏழை மக்களுக்கு, பிழைப்பும் போய், ஓடு கிழித்த காயமே மிச்சமாகிறது. பாடு முறை வைத்துத் தலைமுறைகளாக நீரைப் பங்கிட்டுவரும் கிராமங்களில், பங்கிட மீனில்லையேல் முறை எதற்கு?

சரக்கின்றி வரும் கப்பல்கள் சாயாதிருக்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிவந்து துறைமுகத்தில் கொட்டுகின்றன. அந்நீரோடுதான் இச்சிப்பியின் குஞ்சுகள் வந்திருக்க வேண்டுமென்பது விஷயமறிந்தோர் கருத்து. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. எண்ணூர்க் கழியையும் பழவேற்காட்டையும் பக்கிங்ஹாம் கால்வாய் இணைக்கிறது. வேறு வழி எதற்கு? எண்ணூரை மூடிய இந்தச் சிப்பி பற்றிய முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

அந்நியக் களை நமது நாட்டுக்குப் புதிதன்று. ஆகாயத்தாமரையை ஒழிக்க வங்காளத்தில் 1936-லேயே தனிச் சட்டம் செய்தார்கள். தென்னாட்டில் காடாய்ப் படர்ந்த சப்பாத்திக் கள்ளியை, 1926-ல் இலங்கையிலிருந்து தருவித்த பூச்சி தின்று அடக்கியது. (இச்சிப்பிக்கும் அப்படி ஒரு பிராணியைத் தேடலாமே என்று எவரும் அவசரப்பட வேண்டாம், ஏரியில் விட்டதைத் திரும்ப அழைக்க இயலாது.) சீமைக் கருவேலம் போன்ற அந்நியச் செடிகளை அகற்ற 2022-ல் தமிழக சர்க்கார் ஒரு கொள்கையே வகுத்தது. நிலத்துக்குக் காட்டிய சிரத்தையை நீருக்கும் காட்டவேண்டுமென்றே கேட்கிறோம்.

கப்பல் நீரைச் சுத்திகரிப்பது பற்றி 2004-ல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டம்பர் 8 முதல் அமலில் உள்ளது. அதன் நியதிகளை நமது துறைமுகங்களில் கண்டிப்பாய்ச் சோதிக்க வேண்டும். சிப்பியை வாரும் செலவில், கப்பல் வரத்தால் லாபமடைவோர் பெரும் பங்கு ஏற்பதே நியாயம். வாரியதைக் கரையேற்றி அப்புறப்படுத்தாமல் ஆற்றிலேயே ஒருபுறம் ஒதுக்கினால், கூலி கொடுத்து விதைத்ததாக முடியும். எங்கே எவ்வளவு படர்ந்திருக்கிறதென்பதைக் குப்பத்தாரைவிட நன்கறிந்தவர் இலர். ஆகவே அவ்வேலையும் அதன் கூலியும் வெளியூர்க் குத்தகைதாரருக்குப் போகாமல், பிழைப்பிழந்த அம்மக்களுக்கே கிடைக்குமாறு அதிகாரிகள் உத்தரவிட வேண்டும்.