ஓடி முடிஞ்சா போதும்ண்ணே

போன பொங்கலுக்குக் கம்பம் போயிருந்தேன். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் சித்தி மகன், மடிக்கணினியில் ஒரு பாடக் காணொளியை ஓடவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"பாக்கலையாடா?"

"ஓடி முடிஞ்சா போதும்ண்ணே. விடையெல்லாம் வாட்ஸப் குரூப்ல வந்துரும்."

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் சொல்கிறேன். 'பார்த்து முடித்தான்' என்று ஒரு கட்டத்தில் டிக் போட வைப்பது சுலபம். 'புரிந்துகொண்டான்' என்பதற்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது.

குற்றம் காணொளியின் மேல் இல்லை. ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல், நல்ல வாத்தியார் வாய்க்காத சின்ன ஊர் மாணவர்களுக்குப் பெரிய கொடை. ஸ்வயம் வழியாக ஒரு பருவத்தில் 20 சதவீதப் பாடங்கள்வரை படிக்கலாம் என்று 2016-இல் அனுமதித்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021-இல் அதை 40 ஆக்கியது. சரி. ஆனால் இணையம் என்றாலே மாணவன் உட்கார்ந்து பார்ப்பது என்று நம் கல்லூரிகள் முடிவு செய்தது ஏன்? எழுதுவதற்கும்தானே அது வந்தது?

இங்கேயே செய்து பார்த்திருக்கிறோம். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. அப்போது நானும் கல்லூரியில்தான் இருந்தேன். எங்கள் அறிவிப்புப் பலகைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

'தப்பும் தவறுமா எழுதுவானுங்க சார்' என்பார்கள். எழுதட்டுமே. விக்கிப்பீடியாவில் முகம் தெரியாத ஒருவர் வந்து திருத்துவார், 'சான்று எங்கே?' என்று கேட்பார். நான்கு வருடப் படிப்பில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அதன் வாய்க்கால்களை நடந்து அளந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சிவில் மாணவர்கள் வரையட்டும். அணையின் வரலாற்றைச் சான்றுகளோடு விக்கிப்பீடியாவில் தமிழில் எழுதட்டும். மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள். வாத்தியாருக்கு வேலை கூடும், ஒத்துக்கொள்கிறேன். திருத்துவதும் வாத்தியார் வேலைதானே?

சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்பிய தம்பி, பன்னீர் திராட்சைக்கு எப்போது கவாத்து பண்ணணும், தப்பினால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் பேசினான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"இதை எழுதுடா" என்றேன்.

"அதுக்கு மார்க் உண்டாண்ணே?"