மேசை ஏன் பெண்பால்?

பிரெஞ்சு கற்கப் புகும் எவரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது. நானும் கேட்டேன், நகரில் நடக்கும் ஒரு மாலை வகுப்பில், தமிழில். "ஆங்கிலத்தில் கேள்" என்று பதில் வந்தது. எனக்குக் கேட்க வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பிறகு இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பள்ளி முழுவதும் தமிழ் வழி. பிரெஞ்சுக்குப் போகும் பாதையில் ஆங்கிலம் என்றொரு சுங்கச்சாவடி எதற்கு என்பதே என் கேள்வி.

மௌனமாக இருந்தபோது ஒன்று கவனித்தேன். மற்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களில் பல, ஆங்கிலத்தால் வந்தவை. எங்கே 'தூ', எங்கே 'வூ'? ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ' என்பதால் அரைமணி நேர விளக்கம்! தம்பியை 'நீ' என்கிறோம், பேராசிரியரை 'நீங்கள்' என்கிறோம்; நான்கு தம்பிகள் சேர்ந்து நின்றாலும் 'நீங்கள்'தான். அங்கும் அப்படியே. அப்பாவை 'நீங்கள்' என்னும் வீட்டார் மட்டும் சற்றுக் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலான வீடுகளில் அப்பாவும் 'தூ'தான்.

வயதைச் சொல்லும்போது பலர் ஆங்கிலத்தைப் பின்பற்றி 'நான் இருபது வயதாக இருக்கிறேன்' என்ற அமைப்பில் எழுதிப் பிழை செய்கிறார்கள். பிரெஞ்சில் 'இருபது ஆண்டுகளை உடையேன்' என்பதே முறை. பசி, தாகம் எல்லாம் அவ்வாறே 'உடையவை'. 'எனக்கு இருபது வயது', 'எனக்குப் பசி' என்று பேசும் நமக்கு, 'நான் பசியாக இருக்கிறேன்' என்று எழுதத் தோன்றுமா?

இன்னொன்று எனக்கே வியப்பாயிருந்தது. 'மூன்று ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம், பிரெஞ்சிலும் நிகழ்காலமே! பள்ளியில் அடி வாங்கிக் கற்ற 'ஹேவ் பீன் லிவிங்'கை இங்கே மறந்தால்தான் மதிப்பெண்.

தமிழ் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. மேசை விஷயத்தில் அது கைவிட்டுவிடுகிறது. நமக்குப் பால் பொருளைப் பார்த்து வருவது. அவர்களுக்குச் சொல்லைப் பார்த்து வருவது. 'ஆள்' என்று பொருள்படும் 'பெர்சொன்', மீசை வைத்தவரைக் குறித்தாலும் பெண்பால்தான். நம்மிடமிருந்து சென்ற வெட்டிவேர்கூட அங்கே ஆண்பாலாகிவிட்டது! முன்னால் வரும் 'ல', 'லா' என்ற சிறு சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எழுபதை 'அறுபது-பத்து' என்றும், எண்பதை 'நான்கு-இருபது' என்றும் சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஒன்பது பத்துகளைத் 'தொண்ணூறு' என்னும் நாமா சிரிப்பது? பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்குத் தனிச் சொல்லே உண்டு.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். பாடம் எம்மொழியிலும் நடக்கட்டும். ஐயத்தை மட்டும் தமிழில் கேட்க விடுங்கள். நம் ஆய்வுக்கூடத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். கடைசி பெஞ்சில் பேசாமல் இருப்பவன் எல்லாம் புரிந்தவனும் அல்லன், ஒன்றும் புரியாதவனும் அல்லன்.

சென்ற மாதம் அந்த 'மூன்று ஆண்டுகளாக' வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுத என்னை அழைத்தார்கள். தமிழில் நினைத்து எழுதினேன். சரியாயிருந்தது. எப்படி எழுதினாய் என்று ஆசிரியர் கேட்டார். தமிழிலேயே விளக்கினேன். இம்முறை அவர் குறுக்கிடவில்லை.