0.98 என்ற எண்ணை நம்பலாமா?

பீம் இல்லாமல் தூண்மேல் நேராக உட்காரும் தளத்துக்கு ஃபிளாட் ஸ்லாப் என்று பெயர். வண்டி நிறுத்தும் தளங்கள், ஐ.டி. அலுவலகங்கள் எனப் பல இடங்களில் இன்று இதுதான். இந்தத் தளத்தில் அதிகம் அஞ்ச வேண்டியது பஞ்சிங் ஷியரை. அதாவது, தூண் தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடுவது. வளைவினால் பழுதாகும் தளம் விரிசல் விடும், தொங்கும், எச்சரித்துவிட்டுத்தான் போகும். பஞ்சிங்கில் தூணின் தலையில் கூம்பு போல ஒரு துண்டு ஒட்டி நிற்க, சுற்றியுள்ள தளம் நொடியில் இறங்கிவிடும். அதன் சுமை பக்கத்துத் தூண்களைத் தேடிப் போகும். அவையும் தாங்காவிட்டால் சரிவு பரவும். சியோலில் 1995 ஜூன் 29 அன்று சாம்பூங் பல்பொருள் அங்காடி அப்படித்தான் சரிந்தது. இறந்தவர்கள் 502 பேர். அங்கே தூண்கள் வரைபடத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தன. மொட்டைமாடியில் கனத்த ஏ.சி. கருவிகளை இடம் மாற்றி வைத்திருந்தார்கள்.

இன்று பஞ்சிங் ஷியர் சோதனையை சேஃப், ஈடாப்ஸ் போன்ற மென்பொருள்கள் செய்கின்றன. ஒவ்வொரு தூணின் பக்கத்திலும் ஒரு விகிதம் வரும்: வரும் தகைவை அனுமதித்த தகைவால் வகுத்த எண். 1-க்குக் கீழே இருந்தால் சரி, மேலே போனால் தவறு. இளம் பொறியாளர்கள் பலர் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தூணுக்காவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். 6 மீட்டருக்கு 6 மீட்டர் கட்டம், 400 மில்லிமீட்டர் சதுரத் தூண், 225 மில்லிமீட்டர் தளம், எம்30 கான்கிரீட். தளத்தின் சொந்த எடை, தரைப்பூச்சு, சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமை எல்லாம் சேர்த்து 1.5-ஆல் பெருக்கினால் தூணுக்குச் சுமார் 600 கிலோநியூட்டன் வருகிறது. தளத்தின் அடியிலிருந்து மேல்கம்பி வரையிலான பயன் ஆழத்தை 190 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456, தூண் முகத்திலிருந்து அந்த ஆழத்தில் பாதி தள்ளிச் சுற்றளவு எடுக்கச் சொல்கிறது: 590-ஐ நான்கால் பெருக்க 2360. தகைவு, சதுர மில்லிமீட்டருக்கு 1.34 நியூட்டன். அனுமதி, 30-இன் வர்க்கமூலத்தில் கால் பங்கு, 1.37. விகிதம் 0.98. தப்பித்தோம்.

இப்போது பிளம்பர் தூணை ஒட்டி 150 மில்லிமீட்டர் சதுர ஓட்டை ஒன்று கேட்கிறார். தூணின் நடுவிலிருந்து ஓட்டையின் இரு ஓரங்களுக்கும் கோடு இழுத்தால், சுற்றளவில் 221 மில்லிமீட்டர் செல்லாததாகிவிடுகிறது. விகிதம் 1.08. ஓட்டையை மாடலில் வரையாதவருக்குத் திரையில் இன்னும் 0.98-தான் தெரியும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது கம்பியின் ஆழம். கான்கிரீட் போடும் ராத்திரியில் வைப்ரேட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் மேல்கம்பியின்மேல்தான் நடக்கிறார்கள். அடியில் முட்டுக்கொடுக்கும் சேர் கம்பி போதாமல் தூணருகே மேல்கம்பி 20 மில்லிமீட்டர் இறங்கியது என்று வையுங்கள். ஆழம் 170, சுற்றளவு 2280, விகிதம் 1.13. ஓட்டையைவிட இது மோசம். கண்ணுக்கும் தெரியாது, மறுநாள் எல்லாம் கான்கிரீட்டுக்குள் போய்விடும்.

இதுவரை மொமென்ட்டை, அதாவது திருப்புவிசையை, சேர்க்கவே இல்லை. இருபுறமும் சுமையோ இடைவெளியோ சமமில்லாதபோது தூணுக்குள் மொமென்ட் இறங்கும். சதுரத் தூணில் அதில் 40 சதவீதத்தை ஷியர் சுமக்கிறது. ஓரத் தூண்களில் இதன் பங்கு பெரிது. அதனால் தூண் நடுவிலா, ஓரத்திலா, மூலையிலா என்று மென்பொருள் தானாக எடுத்த முடிவைத் திறந்து பாருங்கள். ஓரத்தை நடு என்று எடுத்திருந்தால் இல்லாத பக்கத்துக்கும் வலிமை கொடுத்திருக்கும். விகிதம் வர வேண்டிய இடத்தில் 'என்/சி' என்று வந்திருந்தால் அது கணக்கிடப்படவில்லை என்று பொருள். அந்தத் தூணை நீங்கள்தான் போட வேண்டும்.

விகிதம் 1-ஐத் தாண்டினால் ஷியர் கம்பி கொடுக்கலாம். ஐஎஸ் 456 அதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறது: 1.5 மடங்கைத் தாண்டினால் தளத்தையே மாற்றி வடிவமைக்க வேண்டும். தூணைச் சுற்றி டிராப் பேனல் கொடுத்துக் கனத்தைக் கூட்டுவது எனக்குப் பிடித்த வழி. கம்பி கட்டுபவருக்கும் அது எளிது.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன் மிக அதிக விகிதம் வந்த மூன்று தூண்களை ஒரு தாளில் கையால் போடுங்கள். கான்கிரீட் போடும் நாளில் அதே மூன்று தூண்களுக்கு டேப்போடு போய், மேல்கம்பி எத்தனை மில்லிமீட்டரில் நிற்கிறது என்று அளந்துவிட்டு வாருங்கள்.