பெரிய காரும் பெரிய மனிதத்தனமும்

மீமிசல் வழியாய்ப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல சாலையான பிறகு, முன்பெல்லாம் சென்னையிலும் கோயமுத்தூரிலும் மாத்திரம் காணக்கூடியதாயிருந்த பெரிய பெரிய கார்கள் இப்போது நம் கடற்கரையோர ஊர்களிலும் சர்வ சாதாரணமாய்க் காணப்படுகின்றன. கல்யாண வீட்டு வாசலிலோ கட்சிக் கூட்டத்திலோ அப்படி ஒரு கார் வந்து நின்றால் போதும். பிள்ளைகளும் பெரியவர்களும் கூடிவிடுகிறார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிடுகிறார்கள். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிடுகின்றது. இறங்குகிறவர் யார், என்ன யோக்கியதை உடையவர், ஊருக்கு என்ன செய்தவர் என்று யாரும் கேட்பதில்லை. "எவ்வளவு பெரிய கார்!" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகின்றது.

ஆதலால் இந்தப் பெரிய கார் என்பதில் உள்ள நன்மை என்ன, தீமை என்ன என்பதைப் பகுத்தறிவு கொண்டு சற்று விசாரித்துப் பார்ப்பது அவசியமென்று கருதுகின்றோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். பணக்காரன் ஏறுகிறான் என்பதனாலேயே ஒரு வஸ்து கெட்டதாகிவிடாது. கார் என்பது மனித அறிவினால் உண்டான யந்திரம். அதை யந்திரமாகவே வைத்துப் பார்ப்போமானால், "செடான்" என்று சொல்லப்படுகிற தாழ்ந்து நீண்ட பெரிய காரில் சில நன்மைகள் இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்னால் யந்திரம், நடுவில் ஆள், பின்னால் சாமான் என்று மூன்று பாகமாய் அமைந்த வண்டி அது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி அதிகமாயிருப்பதால் மேடு பள்ளத்தில் உள்ளே இருப்பவனைத் தூக்கிப் போடுவதில்லை. பாரம் தரைக்குச் சமீபமாயிருப்பதால் ஜீப்பைப்போல் உயர்ந்து நிற்கும் வண்டிகளைவிட வளைவில் நிலையாய்ப் போகும். காற்றும் அவ்வளவாய்த் தடுப்பதில்லை; ஆகையால் அதே எடையுள்ள உயர்ந்த வண்டியைவிட எண்ணெய்ச் செலவு குறைவு. நோயாளியையோ வயதானவர்களையோ வெகுதூரம் அலுப்பில்லாமல் கொண்டு போவதற்கு அது நல்ல வண்டி என்பதில் சந்தேகமில்லை.

இன்னொரு நன்மையும் சொல்லுவார்கள். பணக்காரனுடைய கார்தான் புதுக் கருவிகளுக்குச் சோதனைச்சாலை. அங்கே முதலில் வருவது பிறகு ஏழையின் வண்டிக்கும் வரும் என்பார்கள். இதிலும் உண்மை இருக்கின்றது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். என்ற கருவியை மெர்சிடிஸ் கம்பெனி 1978-ல் தன் மிகப் பெரிய காரில்தான் வைத்தது. மோதினால் விரிந்து ஓட்டுகிறவன் நெஞ்சைக் காக்கும் காற்றுப்பையும் 1981-ல் அந்த வரிசையிலேயே வந்தது. ஆனால் நம் நாட்டில் விற்கப்படும் புதுக் கார்களிலெல்லாம் இவை இரண்டும் இருந்தே தீரவேண்டுமென்று சட்டம் வந்தது எப்போது? 2019-ல். அதாவது பணக்காரன் உயிருக்குக் கிடைத்த காவல் சாதாரண மனிதன் உயிருக்குக் கிடைக்க ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று. அதுவும் காற்று அடித்துக்கொண்டு வந்ததல்ல; சட்டம் போட்டு வாங்க வேண்டியதாயிருந்தது.

மேலும், உயிர் காக்கும் அறிவு ஆடம்பரத்தில்தான் பிறக்கும் என்பதும் சரியல்ல. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய சீட் பெல்ட்டை ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியின் இஞ்சினீயர் நில்ஸ் போலின் என்பவர் செய்தார். அது 1959-ல் அந்தக் கம்பெனியின் குடும்பஸ்தர் வாங்கும் சாதாரணக் கார்களிலேயே வைக்கப்பட்டது. அதற்கு வாங்கிய காப்புரிமையையும் மற்றக் கம்பெனிகள் தாராளமாய் உபயோகித்துக்கொள்ளலாமென்று விட்டுவிட்டார்கள். உலகத்தில் எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்தக் கருவி ஒரு பட்டைத் துணியும் ஒரு கொக்கியுந்தான். அதை உபயோகியாதவனுக்கு எவ்வளவு விலையுள்ள காரும் துணை செய்யாது. டாட்டா சன்ஸ் கம்பெனிக்குத் தலைவராயிருந்த சைரஸ் மிஸ்திரி அவர்கள் 2022 செப்டம்பர் 4-ந் தேதி மும்பைக்கு வடக்கே பால்கர் பக்கத்தில் விலையுயர்ந்த காரில் போகும்போது விபத்தில் மாண்டார். முன் ஆசனத்திலிருந்த இருவரும் பிழைத்தார்கள். பின் ஆசனத்திலிருந்த இருவரும், பெல்ட் போடாதவர்கள், மாண்டார்கள். பின் ஆசனம் முதலாளி ஆசனம், முதலாளிக்குப் பெல்ட் எதற்கு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். மோதுகிற வேகத்துக்கு முதலாளி என்றும் தொழிலாளி என்றும் தெரியாது.

நிற்க, இனித் தீமைகளைப் பார்ப்போம்.

ஒன்றாவது, பெரிய கார் இரண்டாயிரம் கிலோ அளவு எடையுள்ளது. எழுபது கிலோ மனிதன் ஒருவனைக் கொண்டுபோக அவனைப்போல் இருபத்தெட்டுப் பங்கு இரும்பையும் ரப்பரையும் இழுத்துச் செல்லவேண்டியிருக்கின்றது. அதற்கு எண்ணெயானாலும் மின்சாரமானாலும் செலவழிந்துதானே தீரவேண்டும்?

இரண்டாவது, நம் பக்கத்துக்கு அது ஏற்றதல்ல. அடிப்பாகம் தாழ்ந்த வண்டி ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைகளில் தட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் சாலையில் தண்ணீர் நின்றால் முதலில் நிற்பது இதுதான். உப்புக்காற்று எந்த இரும்பையும் விடாது. பழுதானால் ஆவுடையார்கோவிலிலும் அறந்தாங்கியிலும் உள்ள மெக்கானிக்குகள் எவ்வளவு கெட்டிக்காரர்களானாலும் அதற்குரிய கம்ப்யூட்டரும் சாமானும் அவர்களிடம் இருப்பதில்லை. பெரிய பட்டணத்துக்கு இழுத்துப்போக வேண்டும். நாலைந்து வருஷத்தில் விலையும் பாதியாகிவிடும். நிலத்தை விற்றோ, வெளிநாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தைப் போட்டோ இதை வாங்குகிறவன் கணக்குத் தெரிந்தவனாவானா?

மூன்றாவதுதான் முக்கியமானது. அந்தக் கார் உள்ளே இருப்பவனைக் காக்கின்றது; வெளியே இருப்பவனுக்கு என்ன காவல்? 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்குச் சொல்லுகின்றது. இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். அதாவது சாகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கூரையும் கதவும் இல்லாதவர்கள். விடியற்காலையில் ஜெகதாப்பட்டினம் துறைக்கு மீன் கூடையோடு போகிறவளும், பள்ளிக்கூடம் விட்டுச் சாலையைக் கடக்கும் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. வண்டி கனமாக ஆக, வேகம் கூடக் கூட, இவர்கள்மேல் விழும் அடியும் கூடும். வேகம் இரட்டித்தால் அடியின் பலம் நாலு பங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

இந்த லட்சணத்தில் புதுக் காருக்கு நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நல்ல நேரம் பார்த்து, எண் சாஸ்திரக்காரனிடம் கேட்டு நம்பரும் வாங்கி, திருஷ்டிப் பூசணிக்காயை நடுச் சாலையில் போட்டு உடைக்கிறார்கள். காருக்குள் எட்டுக் காற்றுப்பை இருக்கும்போது வெளியே நாலு எலுமிச்சம்பழம் எதற்கு? பழம் காக்குமானால் காற்றுப்பைக்குக் கொடுத்த பணம் தண்டம். காற்றுப்பை காக்குமானால் பழம் தண்டம். உடைத்த பூசணிக்காயில் சறுக்கி விழுகிறவனோ பின்னால் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிற ஏழை. கார்க்காரன் திருஷ்டி கழிய இவன் மண்டை உடையவேண்டுமா?

இனி, சர்க்கார் இதை எப்படிப் பார்க்கின்றது என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஜி.எஸ்.டி. வரி மாற்றப்பட்டது. முன்பு பெரிய செடான் காருக்கு வரியும் அதன்மேல் செஸ்ஸுமாய் நூற்றுக்கு 48 இருந்தது இப்போது 40 ஆயிற்று. ஏழையின் மோட்டார் சைக்கிளுக்கு 28 ஆக இருந்தது 18 ஆயிற்று. இதை நாம் வரவேற்கின்றோம். சைக்கிளுக்கு 12 ஆக இருந்தது 5 ஆயிற்று. இதையும் வரவேற்கின்றோம். ஆனால் கார் மின்சாரத்தில் ஓடுவதாயிருந்தால், அது ஒன்றரைக் கோடி ரூபாய் காரானாலும் வரி 5 தான்! நம் ஊர்ப் பெண் பிள்ளை பள்ளிக்குப் போகும் சைக்கிளுக்கும் 5. கோடீசுவரன் பின் ஆசனத்தில் படுத்துக்கொண்டு போகும் காருக்கும் 5. மீன் கூடை கட்டிப் போகிறவனுடைய பெட்ரோல் வண்டிக்கு மாத்திரம் 18. மின்சார வண்டி புகை விடாது, அதை ஆதரிக்க வேண்டும் என்றால் நியாயமே. மின்சார பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் எவ்வளவு சலுகை கொடுத்தாலும் நமக்குச் சந்தோஷமே. ஆனால் ஐம்பது பேரை ஏற்றும் வண்டியையும் ஒருவனை ஏற்றும் வண்டியையும் ஒரே தராசுத் தட்டில் வைப்பது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

தோழர்களே! புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு சேர்ந்தது. ராஜாவின் ஆட்சி போயிற்று. ஆனால் ராஜாவைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் புத்தி போகவில்லை. அது பல்லக்கை விட்டுக் காருக்கு மாறியிருக்கின்றது. சிவப்பு விளக்கை 2017 மே மாதம் முதல் மந்திரிகள் கார்களிலிருந்து எடுத்தாகிவிட்டது. ஆனாலும் நம் கண்ணில் அந்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றது. லால் பகதூர் சாஸ்திரி பிரதம மந்திரியாயிருந்தபோது 12,000 ரூபாய்க்கு ஒரு பியட் கார் வாங்கினார். அதில் 5,000 ரூபாய் பாங்கிக் கடன். 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகு அந்தக் கடனை அவர் மனைவியார் தம் பென்ஷனிலிருந்து அடைத்தார். சிறிய காரில் போனதால் அவர் பதவி சிறியதாய்விட்டதா? இன்று ஒரு சில்லறைக் கட்சிக்காரர் கடன் வாங்கிப் பெரிய காரில் வருவதால் அவர் பெரியவராகிவிட்டாரா?

இதே புதுக்கோட்டை ஜில்லாவில் 1991, 92-ம் வருஷங்களில் நடந்ததை எல்லோரும் நினைத்துப் பார்க்க வேண்டும். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்க வந்த பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். கல்லுடைக்கிறவர்களும் வயல் வேலைக்காரிகளும் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிளில் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். கேலி பேசிய ஆண்களும் உண்டு. 1992-ல் உலகப் பெண்கள் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தார்கள். கணவனும் அண்ணனும் கொண்டுபோய் விட்டால்தான் போகமுடியும் என்றிருந்தவர்கள் தாங்களாகவே சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் போனார்கள். ஒரு வண்டி மனிதனுக்குச் செய்யக்கூடிய உபகாரம் இதைவிட என்ன இருக்கின்றது? இவ்வளவையும் செய்த வண்டி அந்தப் பெரிய காரின் ஒரு டயர் விலைகூடப் பெறாது.

அன்று சைக்கிள் கற்ற அந்தத் தாயின் மகளுக்கு இன்று கல்யாணம் பேசுகிறார்கள். பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்கிறார்கள்? முன்பு சைக்கிளும் கைக்கடிகாரமும் கேட்டார்கள், பிறகு மோட்டார் சைக்கிள், இப்போது கார். அதுவும் சின்னக் காரானால் "எங்கள் அந்தஸ்துக்குப் போதாது" என்கிறார்கள். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் கேட்பதும் குற்றமென்று 1961-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. அப்படியிருந்தும் பெண்ணைப் பெற்றவன் வீட்டையும் வயலையும் அடமானம் வைத்துக் கார் வாங்கிக் கொடுக்கிறான். அந்தக் காரில் மாப்பிள்ளை போகிறான். கடனில் மாமனார் குடும்பம் போகின்றது. தாய் தன் காலால் மிதித்து அடைந்த சுயமரியாதையை மகள் விஷயத்தில் காருக்கு விலையாய்க் கொடுப்பதைவிட வேறு கேவலம் வேண்டுமா? பெரிய காரினால் வரும் தீமைகளிலெல்லாம் பெரிய தீமை இதுவென்றே சொல்லுவோம்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். வண்டியை அதன் வேலையைக் கொண்டு மதியுங்கள்; எத்தனை பேரை, எவ்வளவு பத்திரமாய், எவ்வளவு செலவில் கொண்டு போகின்றது என்று கேளுங்கள். பெரிய காரில் உள்ள உயிர் காக்கும் கருவிகள் நாம் ஏறும் வேனுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் வேண்டுமென்று கேளுங்கள். ரயில் இல்லாத மீமிசலுக்கு இரவிலும் அறந்தாங்கியிலிருந்து பஸ் வேண்டுமென்று கேளுங்கள். கோடி ரூபாய்க் காருக்குச் சைக்கிளின் வரி கூடாதென்று கேளுங்கள். கார் கேட்கிற மாப்பிள்ளைக்குப் பெண் இல்லை என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லுகிற பெண்ணுக்கு ஊரார் துணை நில்லுங்கள்.

கார் வந்து நின்றால், உட்கார்ந்திருக்கிறவர்கள் உட்கார்ந்தே இருங்கள். இறங்கி வருகிறவர் மரியாதைக்குரியவரானால் அவர் அருகில் வந்த பிறகு மரியாதை செய்யலாம். நடந்து வந்தாலும் அதே மரியாதையைச் செய்யுங்கள்.