பூங்கா வாசலில் ஒரு கட்டணச் சாளரம்

2024 அக்டோபரில் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. மாதத் தொடக்கத்தில் கதீட்ரல் சாலையில் ஏறத்தாழ ஆறு ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. நுழைவுக்கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய். உள்ளே கம்பியில் தொங்கிச் செல்லவும் பறவைகளைப் பார்க்கவும் தனித்தனிக் கட்டணங்கள். மாதக் கடைசியில் மாநகராட்சி மன்றம், தன் ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆட வருபவரிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானித்தது. எதிர்ப்புக் கிளம்பவே, இரண்டாவது முடிவு சில நாட்களில் கைவிடப்பட்டது. அத்தோடு நாம் ஆறுதலடைந்துவிட்டோம். இரண்டும் ஒரே சிந்தையில் பிறந்தவை என்பது பேசப்படவேயில்லை.

பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். தெருவிளக்குக்கும் வேண்டும், அதன் கீழ் நடப்பவரிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. இலவசமாக விட்டால் பாழாக்கிவிடுவார்கள் என்பது அடுத்த வாதம். இதைச் சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் மொட்டைமாடியாவது இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டுக்குப் பூங்கா என்பது முன்கூடம். அங்கேதான் பிள்ளை படிக்கும், கிழவர் இருமுவார், புருஷனோடு சண்டையிட்ட பெண் ஒரு மணி நேரம் தனியே உட்கார்ந்திருப்பாள். நால்வர் கொண்ட குடும்பம் முன்கூடத்துக்குள் நுழைய முந்நூறு, நானூறு ரூபாய் எண்ணிக் கொடுக்க வேண்டுமென்றால், அது யாருக்காக எழுப்பப்பட்டது என்பது தெளிவு. நம் பழைய நூல்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவை. புகார் நகரத்துச் சோலைகளைப் பேசுகையில், இலவந்திகை அரசனுக்குரியது என்பதை அவை ஒளிப்பதில்லை. நாமோ இலவந்திகையைக் கட்டிவிட்டு அதற்குப் பொதுப்பூங்கா என்று பெயர் வைக்கிறோம்.

இந்த நகரத்துக்குப் பூங்கா வகுக்கத் தெரியாமல் இல்லை. 1920களில் தியாகராய நகரை வகுத்தவர்கள் அதன் நடுவில் பனகல் பூங்காவை வைத்து, பெருஞ்சாலைகளை அதை நோக்கி ஓடவிட்டார்கள். பூங்கா முதலில் வந்தது. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பின்னர் வந்து மொய்த்தன. அதே நகரம்தான், 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் மக்களுக்கென்று அமைத்த பீப்பிள்ஸ் பார்க்கையும் தின்று தீர்த்தது. நூறு ஏக்கருக்கு மேல் பரந்திருந்த தோட்டம் அது. விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், விளையாட்டரங்கம், புறநகர் ரயில் நிலையம் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்து அமர்ந்தன. விலங்குக் காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் இதில் அச்சமூட்டுவது. காலி நிலத்துக்காக வாதாட வக்கீல் கிடைப்பதில்லை.

பழைய நகரத்தின் கதை இது. வளர்கிற நகரத்துக்கு வருவோம். 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. இந்தப் புதிய பரப்பிலும் அதற்கு அப்பாலும் பூங்கா எங்கிருந்து வரும்? மனைப்பிரிவு விதிகளின் திறந்தவெளி ஒதுக்கீட்டிலிருந்துதான் பெரும்பாலும் வரவேண்டும். மூவாயிரம் சதுர மீட்டருக்கு உட்பட்ட மனையில் அந்தக் கடமையே இல்லை. பத்தாயிரத்தைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கை ஒப்படைத்தாக வேண்டும். இடைப்பட்டவர்களுக்கோ, நிலம் தர இயலாதபோது அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டும் வழி உண்டு. பணத்தை வைத்துப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது காகிதத்தில் அழகாயிருக்கிறது. நாற்புறமும் அடுக்ககம் எழும்பிய பிறகு எந்த நிலத்தை வாங்குவது? ஊஞ்சல் கட்ட வேண்டிய இடம் வங்கிக்கணக்கில் ஓர் எண்ணாகிவிடுகிறது. எண்ணில் குழந்தை ஏறி ஆட முடியாது.

ஒப்படைக்கப்படும் நிலத்தின் இலட்சணம் வேறு கதை. வேறெதற்கும் உதவாத கோணல் மூலை, மின்மாற்றிக்குப் பின்னே ஒரு கீற்று, மழைநீர் தேங்கும் பள்ளம்: வரைபடத்தில் பச்சை பூசினால் எல்லாம் பூங்காவே. பெரும்பாக்கத்தில் பல்லாயிரம் குடும்பங்களை அடுக்ககங்களில் கொண்டுபோய் இறக்கிய அரசு, அங்கிருந்து நடந்தே போகும் தொலைவில் எத்தனை மரநிழல் இருக்க வேண்டுமென்று கணக்கிட்ட பிறகு முதல் தூணை ஊன்றியிருக்க வேண்டும். அந்த வரிசை தலைகீழானால் எந்த விதியும் காப்பாற்றாது.

2024 செப்டம்பரில் கிண்டிக் குதிரைப்பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. 160 ஏக்கர். அதன் பெரும்பகுதியில் பசுமைப் பூங்கா அமைப்பதாக அறிவித்தார்கள், வழக்குகளும் தொடர்ந்தன. வழக்கில் யார் வென்றாலும் தோற்றாலும், பூங்காவின் வரைபடம் என்று ஒன்று பொதுமக்கள் முன் வைக்கப்படும் நாளில், அதில் வரையப்பட்ட மலர்களையும் நீரூற்றுகளையும் பார்த்து மயங்காதீர்கள். எத்தனை வாசல்கள், அவற்றில் எது குடிசைகள் இருக்கும் திசையில் திறக்கிறது, இரவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், வாசலருகே சீட்டுக் கொடுக்க ஒரு சிறு அறை வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.